சத்தமில்லாத ரிலே

நான்காவது மாடி வராண்டாவில் இருபத்து நாலு கதவுகள். ஒவ்வொரு கதவின் நெற்றியிலும் குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு. அறைக்குள் இருப்பவர் கட்டிலோரத்துச் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். யாரும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். தட்டாவிட்டால் அணைந்திருக்கும், பெருக்கித் துடைக்கிறவர்கள் போகலாம். குழப்பத்துக்கு இடமே இல்லாத ஏற்பாடு. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த இருபத்து நாலு விளக்குகளும் எரியவும் இல்லை, அணையவும் இல்லை. கூப்பிட்டால் எழுந்திருக்கலாமா என்று யோசிக்கிறவன் கண்ணைப் போல மங்கலாக விழித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. இது எரியுதா, எரியலையா?"

கேட்டவள் அறைகளின் சுத்தத்துக்குப் பொறுப்பானவள். இடுப்பில் தொங்குகிற சாவிகளின் எடையால் ஓட்டல் முழுக்க அவளுக்குச் சாவிக்கொத்து என்றுதான் பெயர்.

"எரியக் கூடாது," என்றாள், அந்த விளக்குகளுக்கு மின்சாரப் பெட்டிகள் செய்து கொடுத்த பேனல்காரம்மா.

"கூடாதுங்கறது எனக்கும் தெரியும். எரியுதா இல்லையா? நேத்து எங்க பொண்ணு ஒருத்தி, மங்கலாத்தானே இருக்குன்னு கதவைத் திறந்துட்டா. உள்ள இருந்தவர் குளிச்சுட்டு வெளிய வர்ற நேரம். அவ இன்னிக்கு லீவு. அவர் ரூமையே காலி பண்ணிட்டார். இப்ப மிச்சம் பேரெல்லாம் எந்தக் கதவையும் தொட மாட்டேங்கறாங்க. நாலு மாடி, தொண்ணூத்தாறு ரூம், பதினோரு மணி, ஒரு படுக்கை விரிப்புகூட மாத்தல."

பக்கத்தில் நின்ற பராமரிப்பு இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். பட்டப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் நடக்க மாட்டார். அதனால் டார்ச் சார். அந்த டார்ச்சை இப்போது ஒரு விளக்கின் மேல் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் அடித்தால் என்ன தெரியும்? அணைத்துவிட்டார்.

"ராத்திரி வந்து பாருங்க மேடம். திரையெல்லாம் இழுத்துவிட்டா இது ஓட்டல் வராண்டா மாதிரியே இருக்காது. நான் குடும்பஸ்தன், அதுக்கு மேல சொல்லக் கூடாது."

சாவிக்கொத்து சிரித்தாள். பேனல்காரம்மாவும் சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்து உதட்டை அசைத்தாள்.

ஐந்து வாரமாக அவள் இப்படித்தான் எல்லாவற்றையும் இடம் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். அவள் கணவர், மின்சாரப் பேனல் செய்வதில் இந்தப் பக்கத்தில் ஓரளவு பேர் எடுத்தவர், ஒரு நாள் காலை பல் தேய்க்கப் போனவர், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். வரவில்லை. வராததற்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான்காம் நாள் பட்டறைக்குப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்து, பாதியில் நின்ற வேலையைக் கையில் எடுத்தாள். பத்தொன்பது வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில் வயர் முடுக்கியவள். கை தானாக வேலை செய்தது. கைக்கு யாரும் துக்கம் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது.

பாதியில் நின்ற அந்த வேலைதான் இந்த ஓட்டல். முதல் கட்டடத்துக்குத் தொண்ணூற்றாறு சின்னப் பெட்டிகள். நன்றாக அமைந்தால் பின்னால் எழும்புகிற இரண்டாம் கட்டடமும் அவர்களுக்கே. அது கிடைத்தால் பட்டறை அவளுடையது; கிடைக்காவிட்டால் கொழுந்தனின் சரக்குக் கிடங்கு. பட்டறைக் கட்டடம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. கொழுந்தன் பிடுங்கிக்கொள்கிற ஆள் இல்லை. "ஓட்டல் வேலை முடியட்டும் அண்ணி, அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றான். அன்றிலிருந்து அவன் திறந்த வாயை மூடவில்லை, அது வேறு.

"யார் மேடம் இந்த ரிலேயைத் தேர்ந்தெடுத்தது?" என்றார் டார்ச் சார்.

அவள் ஒரு நொடி பேசாமல் இருந்தாள். டார்ச் சார் அந்த நொடியைத் தானே நிரப்பிக்கொண்டார்.

"அவர் போட்ட லிஸ்ட்தான, இல்லையா? பாவம். உடம்பு சரியில்லாத நேரத்துல போட்டிருப்பார். கடைசி மாசமெல்லாம் கொஞ்சம் தடுமாறித்தான் இருந்தார், எனக்கே தோணிச்சு. கவலைப்படாதீங்க. நான் அப்படியே எழுதிடறேன். வியாழக்கிழமை வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழமை டைரக்டர் ரெண்டாம் கட்டடத்தைப் பத்தி முடிவு பண்றார். இறந்து போனவர் பண்ணின தப்புன்னா அவருக்கும் மனசு இளகும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தன் கணவர் தடுமாறவில்லை, கடைசி மாதத்தில்கூட ஒரு திருகாணி தப்பாகப் போகவில்லை. அது அவள் வாய்வரை வந்து நின்றது.

*

ரிலே என்பது, சின்னக் கையால் பெரிய கதவைத் திறக்கிற சாமான். கட்டிலோரத்துச் சுவிட்சில் ஓடுவது ஆபத்தில்லாத சின்ன மின்சாரம். கதவு விளக்குக்குப் போவது வீட்டு மின்சாரம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நின்று சொன்னதைச் செய்வது ரிலே. அதில் இரண்டு சாதி. சாதா ரிலேயில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அது ஒரு உலோக நாக்கை இழுக்கும். 'டக்' என்று சத்தம் வரும். விட்டால் நாக்கு விலகும், இன்னொரு 'டக்'. விலகினால் விலகினதுதான், நடுவே காற்று. சாலிட் ஸ்டேட் ரிலேயில் அசைகிற பாகமே கிடையாது. சத்தம் இல்லை, தேய்மானம் இல்லை, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஒரே ஒரு குணம்: அணைத்தாலும் முழுக்க அணையாது. நூலிழை அளவுக்கு மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் அந்த நூலிழை போவதே தெரியாது. ஒரு வாட்கூட இல்லாத குன்றிமணி விளக்குக்கு அது அரை வயிற்றுச் சாப்பாடு.

இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும்தான் போட்டாள். மதியம் பட்டறைக்குத் திரும்பி, பழுதான பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, எங்கே தவறினோம் என்று பார்த்தாள். அதிக நேரம் தேவைப்படவில்லை. மேசையோரத்தில், பரிசோதனைக்கென்று வருஷக்கணக்காகத் தொங்குகிற நூறு வாட் குண்டு பல்பு. தொண்ணூற்றாறு பெட்டியையும் அதில் மாட்டித்தான் பார்த்தாள். சுவிட்சைப் போட்டால் பளீர், எடுத்தால் இருட்டு. கசிகிற நூலிழையால் அந்தக் குண்டு பல்பின் கம்பியைச் சூடாக்கக்கூட முடியாது. இப்போது பல்பைக் கழற்றிவிட்டு ஓட்டல் விளக்கு ஒன்றை மாட்டினாள். சுவிட்ச் அணைந்திருந்தது. விளக்கு மங்கலாக விழித்துப் பார்த்தது.

கொழுந்தன் டீ டம்ளருடன் வாசலில் வந்து நின்றான். சந்தையில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை. பாதி வாங்கலாமா என்று வருகிறவனை இரண்டு வாங்க வைத்து அனுப்புகிற நாக்கு. அந்தச் சாலிட் ஸ்டேட் ரிலேக்கள் அவன் கடையில் ஆறு மாதமாகத் தூங்கின சரக்கு. அண்ணி கேட்டதும் தூசி தட்டிக் கொடுத்தான்.

"டார்ச் போன் பண்ணினார் அண்ணி. அண்ணன் தலையில போட்டுடறேன்னார். நல்ல மனுஷன்."

"லிஸ்ட்ல அண்ணன் அதை எழுதல தம்பி."

அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்திருந்தாள். அவர் கையெழுத்து, நேர்கோட்டில் நடக்கிற எறும்பு வரிசை. கடைசி வரியில்: *சாதா ரிலே போதும். லோடு ரொம்பச் சின்னது. சாலிட் ஸ்டேட் வேண்டாம், கசியும்.*

கொழுந்தன் படித்தான். இன்னொரு தரம் படித்தான். டீயை ஒரு வாய் குடித்தான்.

"அப்புறம் எதுக்கு அண்ணி மாத்துனீங்க? நான் தலையில கட்டல, நீங்களா வந்து கேட்டீங்க. அதுக்கு நான் பொறுப்பில்ல."

"உங்களை யாரும் சொல்லல."

"சொல்லிடாதீங்க. சரி, ஏன்?"

அவள் யோசித்தாள். யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை. பட்டறைக்குத் திரும்பிய அந்த வாரம் சாதா ரிலே ஒரு டஜன் வந்திருந்தது. சரியாக இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். டக். பக்கத்து மேசைப் பக்கம் கழுத்து திரும்பியது. டக். மறுபடியும் திரும்பியது. அவர்தான் எப்போதும் ரிலேக்களைப் போட்டுப் பார்ப்பார். சத்தம் வந்த திசை அதுதான் என்று கழுத்துக்குப் பழக்கம். அழுகை வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு ரிலே, இருபத்து நாலு டக், இருபத்து நாலு தரம் திரும்பினாள். பிறகு பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ச் சத்தமில்லாதது வேண்டும் என்றாள்.

"சத்தம் பிடிக்கல," என்றாள்.

"ரூம்ல தூங்கறவங்களுக்கா?"

"எனக்கு."

கொழுந்தன் மிச்ச டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப இது நமக்குள்ள இருக்கட்டும்," என்றான் கடைசியில். "அந்தத் தாளை நாலா மடிச்சு எங்கயாவது வெச்சுடுங்க. அண்ணன் கோவிச்சுக்க மாட்டார். உயிரோட இருக்கும்போதே கோவிச்சுக்கத் தெரியாத ஆளு. விளக்குக்கு வழி நான் சொல்றேன். ஒவ்வொரு விளக்குக்கும் குறுக்க ஒரு ரெசிஸ்டர் போடுங்க. கசியறதை அது குடிச்சுக்கும். ரிலேயை மாத்தவே வேணாம். ரெசிஸ்டரும் என் கடையிலயே இருக்கு."

"அதுவும் ஆறு மாசமா தூங்குதா?"

"எட்டு மாசம்," என்றான் நேர்மையாக.

அவள் அப்போதே ஒன்றைக் குறுக்கே மாட்டிக் காட்டினாள். அணைத்தபோது விளக்கு நிஜமாகவே அணைந்தது. கொழுந்தன் முகத்தில் விற்றுவிட்ட களை. பிறகு சுவிட்சைப் போட்டு, விளக்கை எரியவிட்டு, பெட்டியை மூடி, கால் மணி நேரம் கழித்து மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து, அவன் விரலை எடுத்து ரெசிஸ்டர் மேல் வைத்தாள். சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ராத்திரி பூரா எரியும் தம்பி. மரப் பலகைக்குப் பின்னால, மூடின பெட்டிக்குள்ள. தொண்ணூத்தாறு எடத்துல."

"கொஞ்சம் சின்ன ரெசிஸ்டர்..."

"வேணாம்."

"அப்ப சாதா ரிலேதானா?"

"அவர் எழுதினதுதான்."

"எழுதினதைப் போடுங்க, யாரு வேணாம்னா? ஆனா எழுதினதைக் காட்டாதீங்க," என்றான். "ரெண்டாம் கட்டடம் கைக்கு வந்தா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அண்ணனுக்கு இனிமே நல்லதென்ன, கெட்டதென்ன?"

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அவளும் கண்டுபிடிக்க முயலவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

*

வியாழக்கிழமை டார்ச் சாரின் அறை. மேசை மேல் ஓட்டலின் எல்லாத் தளங்களின் சாவிகளும், ஆறிப்போன காப்பியும், தயாராக இரண்டு தாள்களும்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க மேடம். படிக்காமப் போட்டாலும் சரி."

அவள் படித்தாள். *காரணம்: வடிவமைத்தவரின் தவறு, அவர் தற்போது உயிருடன் இல்லை.* சரி. *சரிசெய்ய அவகாசம்: இரண்டு வாரம்.* தாராளம். *இரண்டாம் கட்டட வேலையை அதே பட்டறைக்குத் தரலாம்.* பட்டறை அவளுடையது. இரண்டாம் தாளைப் புரட்டினாள். *மேற்படி நபர் கடைசி ஓராண்டில் செய்த சலவைக்கூடப் பேனல், தண்ணீர்ப் பம்பு பேனல் ஆகியவற்றை வெளியாளைக் கொண்டு முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். இவற்றை நம்பகமானவையாகக் கருத இயலாது.*

"இது எதுக்கு சார்?"

"அது வழக்கம்தான். ஒருத்தர் ஒரு எடத்துல தப்பு பண்ணியிருந்தா, மத்த எடத்தையும் பார்க்கணும்ல? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. வெளியாள் ஒருத்தரைப் பேசிட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த வெளியாள் யாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், போகிற இடமெல்லாம் வாயைத் திறந்துவிட்டு வருகிறவர். வாரம் முடிவதற்குள் சந்தை முழுக்கத் தெரியும்: கடைசிக் காலத்தில் அவர் வேலை சரியில்லையாம். பம்பு பேனலை மூடுவதற்கு முன் தன் கணவர் ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தபோதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. இது தப்பு, அவ்வளவுதான். ஒரு வயர் தப்பான இடத்தில் மாட்டியிருப்பதைப் பார்க்கிற மாதிரி.

டார்ச் சார் பேனாவை நீட்டினார். வாங்கி, 'வடிவமைத்தவரின் தவறு' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். உயிருடன் இல்லை என்பதன் மேலும் இழுத்தாள். இரண்டாம் தாளில் அந்தப் பத்தி முழுவதையும் அடித்தாள்.

"மேடம்! அது ஆபீஸ் தாள்!"

கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்து வைத்தாள். டார்ச் சார் படித்தார். பழக்க தோஷத்தில் டார்ச்சை அடித்துப் படித்தார்.

"அவர் சரியாத்தான் எழுதியிருக்கார் சார். அவர் போனப்புறம் மாத்தினது நான். பெரிய பல்பு போட்டு டெஸ்ட் பண்ணி, சரியா இருக்குன்னு அனுப்பினதும் நான்."

"ஏன் மாத்துனீங்க? ரூம்ல சத்தம் வரும்னா? சுவிட்சைத் தட்டறவன் காதுல ஒரு டக் கேக்கும், அவன்தானே தட்டறான்! அதுல யார் தூக்கம் கெடப்போகுது?"

"யார் தூக்கமும் கெடாது."

"அப்புறம்?"

"என்னால கேக்க முடியல. வேற காரணம் இல்ல சார்."

டார்ச் சார் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வந்தது, கோபத்தைவிட அலுப்பு அதிகமாக வந்தது.

"மேடம், புரிஞ்சுக்குங்க. அவர் பேர்ல இருந்தா எனக்கு ரெண்டு பக்கம். உங்க பேர்ல இருந்தா அஞ்சு பக்கம், அதுல ஒரு பக்கம் இந்த ஆளுக்கு ஏன் மறுபடி வேலை தரணும்னு. அதுக்கு நான் என்னன்னு எழுதறது? கேக்க முடியலன்னா?"

"உள்ளதை எழுதுங்க."

"உள்ளதை எழுதினா ரெண்டாம் கட்டடம் போச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"ஒண்ணு பண்ணுவோம். கிழிச்சுட்டு வேற தாள் போடறேன். அவர் பேரும் வேணாம், உங்க பேரும் வேணாம். சரக்குக் கோளாறுன்னு..."

"சரக்குல கோளாறு இல்ல சார். சரக்கு, அது பண்ண வேண்டியதைத்தான் பண்ணுது. போட்ட எடம் தப்பு."

அழப்போகிறாளோ என்று பயந்தவர் போல டார்ச் சார் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை மரியாதைக்கு ஒரு தரம் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு பேனலையும் வெளியாள் தொட வேண்டாம்னு எழுதிடுங்க. எழுதினதைப் பார்த்துட்டுப் போறேன்," என்றாள்.

எழுதினார். பார்த்தாள். கீழே தன் பேரில் கையெழுத்துப் போட்டாள். அவகாசம் இரண்டு வாரத்திலிருந்து ஐந்து நாளாகச் சுருங்கியது. செலவு முழுக்க அவளுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைரக்டர் இரண்டாம் கட்டடத்தை வேறு யாருக்கோ கொடுத்தார். டார்ச் சார் போனில் அதைச் சொல்லும்போது தன் வீட்டில் யாரோ போனது போலச் சொன்னார்.

*

ஐந்து நாளில் தொண்ணூற்றாறு பெட்டிகளையும் மாற்றினாள். சாவிக்கொத்து முன்னால் போய்க் கதவைத் தட்டித் திறந்துவிடுவாள், இவள் பின்னால் ஏணியுடன் போவாள். கட்டில் தலைமாட்டிலிருந்த பெட்டிகளைக் கதவுக்கு மேலே, வராண்டாப் பக்கம் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு அறையிலும் சுவிட்சைப் பத்துத் தரம் போட்டு எடுத்தாள், இந்தத் தடவை குன்றிமணி விளக்கையே வைத்து. முதல் நாள் கழுத்து திரும்பியது. இரண்டாம் நாளும் திரும்பியது. மூன்றாம் நாள் திரும்பியதா என்று அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒருவர் கதவைத் திறக்க மறுத்து உள்ளிருந்தே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தாளு விளக்கு இப்ப நிஜமாவே எரியுதுக்கா," என்றாள் சாவிக்கொத்து. "இனிமே சண்டை போடவாவது ஒரு ஞாயம் இருக்கு."

அடுத்த வாரம் கொழுந்தன் அளவு நாடாவுடன் பட்டறைக்கு வந்தான். கிடங்குக்கு அடுக்குப் பலகை அடிக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டேதான் வந்தான், ஆனால் வந்தான்.

"கோவமா அண்ணி?"

"இல்ல."

"கோவப்பட்டாலும் பரவாயில்ல. ஏதாவது ஒண்ணு படுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நாடாவோட அந்த முனையைக் குடுங்க."

அவள் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். அவன் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் குனிந்து பார்த்தான்.

"பதினெட்டரை அடி."

"தொய்வா பிடிச்சிருக்கீங்க. இழுங்க."

இழுத்தான். "பதினெட்டே கால்."

"எழுதிக்குங்க. இந்த ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு மேசைக்கு எடம் விடணும். பழுது பார்க்கற வேலை வரும்."

"தாராளமா அண்ணி. அதோ, கதவு பக்கம் நாலடி..."

"ஜன்னல் பக்கம். ஒம்பதடி."

"ஒம்பதா! அடுக்கு ஒண்ணே போயிடும். அஞ்சு."

"எட்டு. எட்டு மாசம் தூங்கற ரெசிஸ்டரை எங்க வெச்சா என்ன?"

"அண்ணி, நான் சரக்கு வெக்கறது யாருக்காக? ஆறு. அண்ணன்கூட என்கிட்ட இப்படிப் பேசினதில்ல."

"அவர் இருந்தப்ப ரெண்டு மேசை இருந்துச்சு. ஏழரை."

"ஏழு. அதுக்கு மேல ஒரு அங்குலம்கூடக் கிடையாது. என் புள்ளைங்க மேல ஆணை."

"உங்களுக்குப் புள்ளைங்களே இல்லையே தம்பி."

"பொறக்கப் போற புள்ளைங்க," என்றான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் என்று யோசிக்கவும் இல்லை.

"சரி, ஏழு," என்றாள்.

அவன் நாடாவை ஜன்னல் ஓரத்திலிருந்து நீட்டிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டான். அவள் போய்க் குனிந்து பார்த்தாள். கோடு ஆறேமுக்காலில் இருந்தது. அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கி, மூன்று அங்குலம் தள்ளி, அழுத்தமாக இன்னொரு கோடு போட்டாள்.